யாரைப் பிடிக்கணும்? – நடிக்க ஆசைப்படும் கடலூர், சிதம்பரம் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

பழைய நாடகக் கம்பெனிகளைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சினிமாவுல நடிக்கணும்னா யாரைப் பிடிக்கணும்?" கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், புவனகிரி. நான் சினிமாக்காரன் இல்லை. சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு நாடகம், சினிமா வரலாறு படிக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் யார் யார் எந்த வழியாக உள்ளே போனார்கள் என்று குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. அந்தக் குறிப்புகளிலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த 'பிடிக்கணும்' என்ற சொல்லைப் பாருங்கள். பஸ் பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்க ஆள் பிடிக்கிறோம். பெரிய ஆள் ஒருத்தர் மேலே இருக்கிறார், அவர் காலையோ கையையோ பிடித்தால் நாமும் மேலே போய்விடலாம் என்ற கணக்கு அதற்குள் இருக்கு. சினிமா வாய்ப்பைப் பற்றி நம் பிள்ளைகள் வைத்திருக்கிற கணக்கும் அதேதான்.

2020 பிப்ரவரியில் நெய்வேலி என்.எல்.சி. சுரங்கப் பகுதியில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு நடந்தது ஞாபகம் இருக்கும். வருமான வரித்துறை அதிகாரிகள் நேராக அங்கேயே வந்தார்கள். சில நாள் கழித்து விஜய் ஒரு வேன் மேல் ஏறி நின்று வெளியே இருந்த கூட்டத்தோடு செல்ஃபி எடுத்தார். அந்தக் கூட்டத்தில் நடிக்க ஆசைப்பட்டவர்களும் கட்டாயம் இருந்திருப்பார்கள். நெய்வேலிக்கே சினிமா வந்துவிட்டதே, போய் நின்றால் யார் கண்ணிலாவது படமாட்டோமா என்ற எண்ணம் இயல்புதான். ஆனால் படப்பிடிப்பு நம்ம ஊருக்கு வருகிற நேரத்தில் அந்தப் படத்துக்கான ஆள் தேர்வு முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். பிச்சாவரத்தில் 1975-ல் 'இதயக்கனி' எடுத்தார்கள், பிறகும் எத்தனையோ படம் எடுத்தார்கள். படகுக்காரர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதெல்லாம் வேடிக்கை பார்த்த கதைதான்.

ஒரு படத்தில் யார் யாரைத் தேர்வு செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கதாநாயகன், கதாநாயகி விஷயம் தயாரிப்பாளரும் இயக்குநரும் பேசி முடிப்பது. அதில் வியாபாரம் இருக்கு, நமக்கு வேலையில்லை. பின்னால் கூட்டமாக நிற்பவர்களைத் துணை நடிகர் ஏஜென்ட் கூட்டிவருவார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது நமக்கான இடம். டீக்கடைக்காரர், கான்ஸ்டபிள், கதாநாயகனின் நாலாவது நண்பன், பெண்ணின் தம்பி. இரண்டு சீன், எட்டு வசனம். இந்த ஆட்களைத் தேடுவது உதவி இயக்குநர்களும் கோ-டைரக்டரும், இப்போது பல படங்களில் காஸ்டிங் பார்ப்பவர்களும்தான். அவர்கள் போனில் இருக்கிற போட்டோக்கள், அவர்கள் முன்பு சேர்ந்து வேலை பார்த்த ஆட்கள், அவர்கள் நண்பர்கள் எடுத்த ஷார்ட் ஃபிலிமில் பார்த்த முகங்கள். இவ்வளவுதான் அவர்களுடைய உலகம். அதாவது ஒரு புது நடிகனுக்கு வாய்ப்பு வருவது பெரும்பாலும் மேலே இருந்து இல்லை, பக்கத்தில் இருந்து. அவனைப் போலவே இன்னும் ஒன்றும் ஆகாமல், அவனைப் போலவே ஓடிக்கொண்டிருக்கிற ஒருத்தரிடமிருந்து.

இதற்கு என்னிடம் இருக்கிற மிகச் சிறந்த உதாரணம் விஜய் சேதுபதி. அவர் கதையை எல்லாரும் 'கஷ்டப்பட்டு முன்னேறினார்' என்று முடித்துவிடுகிறார்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். துபாயில் கணக்கர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போகிறார். நடிகனாக இல்லை, கணக்கராக. அங்கே உட்கார்ந்து நடிகர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்க்கிறார். பிறகு 'புதுப்பேட்டை' (2006), 'வெண்ணிலா கபடி குழு' (2009), 'நான் மகான் அல்ல' (2010) என்று சின்னச் சின்ன வேடம். இதில் கடைசி இரண்டுக்கும் இயக்குநர் ஒருவரே, சுசீந்திரன். ஒரு படத்தில் ஒழுங்காக வேலை பார்த்தவனை அடுத்த படத்துக்கும் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் இதில் கவனியுங்கள். சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்து கதாநாயகன் ஆனது 2010 கடைசியில்.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் ஷார்ட் ஃபிலிம்களில் நடிக்கிறார். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி வழியாக வந்த ஒரு செட் இருந்தது, கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி போன்றவர்கள். அப்போது அவர்கள் யாரும் பெரிய ஆள் இல்லை. அவர்களைப் 'பிடித்து' யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் 2012-ல் கார்த்திக் சுப்புராஜ் 'பீட்சா' எடுத்தார், 2013-ல் நலன் 'சூது கவ்வும்' எடுத்தார். இரண்டிலும் கதாநாயகன் யார் என்று சொல்லவேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. 2012-ல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்துக்கு ஒளிப்பதிவாளர் பிரேம் குமார். அந்தப் படத்தின் கதையே அவருக்கு நடந்த சம்பவம்தான். ஆறு வருஷம் கழித்து அதே பிரேம் குமார் இயக்குநராகி எடுத்த படம் '96'. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் நாளைக்கு என்ன ஆவார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? தொடர்பு என்பது இப்படித்தான் விளைகிறது. சேர்ந்து வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் வளர்கிறார்கள்.

"அது சென்னை, இங்க என்ன இருக்கு?" என்பீர்கள். நம்ம ஊர்க் கதை ஒன்றும் இருக்கு. கே. பாலசந்தர் 1949-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பட்டம் வாங்கியவர். நாடக ஆர்வம் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. முடித்துவிட்டு முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியர், பிறகு சென்னையில் அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் உத்தியோகம். வேலையை விடவில்லை. ஆபீஸ் நேரம் போக நாடகம் போட்டார். 'மேஜர் சந்திரகாந்த்' முதலில் ஆபீஸ் மேடைக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாடகம். அந்த நாடகத்தில் நடித்த சுந்தர்ராஜனுக்குத்தான் வாழ்நாள் முழுக்க 'மேஜர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ரயில்வேயில் கிளார்க்காக இருந்த நாகேஷை மனதில் வைத்து எழுதியது 'சர்வர் சுந்தரம்'. அது 1964-ல் ஏவி.எம். தயாரிப்பில் படமானது, மறுவருஷம் 'நீர்க்குமிழி'யில் பாலசந்தர் இயக்குநர் ஆனார். ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடிவந்த மாதச் சம்பளக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் மேலே கொண்டுபோன கதை இது.

சரி, அப்படிப்பட்ட சக ஆட்கள் நமக்கு எங்கே கிடைப்பார்கள்? கடலூர்க்காரர்களுக்கு முதல் பதில் சென்னை இல்லை, புதுச்சேரி. ஒரு மணி நேர பஸ் தூரம்கூட இல்லை. தமிழ் நாடக உலகமே ஆசிரியராகக் கும்பிடுகிற சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானது அங்கேதான், அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கு. அவர் பெயரில் காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பள்ளியை இந்திரா பார்த்தசாரதி தொடங்கிவைத்தார். இன்று அது நிகழ்கலைத் துறை. அதே வளாகத்தில் ஊடகம் படிக்கிற மாணவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் படம் எடுத்தாகவேண்டும். படம் எடுக்கிறவனுக்கு நடிகன் வேண்டும், சம்பளம் கொடுக்கப் பணம் கிடையாது. நடிக்க ஆசைப்படுகிறவனுக்குப் படம் வேண்டும், சம்பளம் கேட்கிற நிலை கிடையாது. இதைவிட நல்ல பொருத்தம் எங்கே கிடைக்கும்! ஆரோவில் பக்கம் ஆதிசக்தி நாடகக் குழு இருக்கிறது. நடிகனின் மூச்சையும் உடம்பையும் பற்றி அவர்கள் நடத்துகிற பட்டறைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், நாம்தான் போவதில்லை. புதுச்சேரி அரசு நடத்துகிற திரைப்பட விழாவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது கொடுக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு வெளியே டீ குடிக்கிற கூட்டத்தில் உதவி இயக்குநர்கள் இருப்பார்கள். அங்கே போய் "சான்ஸ் குடுங்க சார்" என்று நிற்காதீர்கள். இப்போது பார்த்த படத்தைப் பற்றிப் பேசுங்கள்.

சென்னையில் இதே மாதிரி தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவன மாணவர்கள், கல்லூரிகளில் விஸ்காம் படிப்பவர்கள். சிதம்பரத்திலும் கடலூரிலும் கல்யாண வீடியோ எடுக்கிற பையன்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நல்ல கேமராவும் எடிட்டிங் கையும் அவர்களிடம்தான் இருக்கு, முகூர்த்தம் இல்லாத மார்கழியிலும் ஆடியிலும் நேரமும் இருக்கு. அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கதை மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரீல்ஸ் போட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. ரீல்ஸில் முகம் தெரியும், தவறில்லை. ஆனால் ஷார்ட் ஃபிலிம் செட் சொல்லிக்கொடுக்கிற ஒன்றை ரீல்ஸ் சொல்லிக்கொடுக்காது. டீ குடித்துக்கொண்டே ஒரு வசனம் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் தூரத்திலிருந்து எடுப்பார்கள், பிறகு உங்கள் குளோஸ்அப், பிறகு எதிராளி முதுகுக்குப் பின்னாலிருந்து. ஒரே காட்சியை எட்டுத் தடவை செய்யணும். எந்த வார்த்தையில் டம்ளரைத் தூக்கினீர்களோ, எட்டுத் தடவையும் அதே வார்த்தையில் அதே கையால் தூக்கணும். இல்லையென்றால் எடிட்டர் உங்களைத் திட்டிக்கொண்டே அந்த ஷாட்டை வெட்டி எறிவார். எட்டாவது தடவையும் முதல் தடவை கேட்ட மாதிரியே எதிராளி பேசுவதைக் கேட்கணும். தரையில் ஒட்டிய டேப்பைப் பார்க்காமலே அதில் வந்து நிற்கணும். கேமராவுக்குப் பக்கத்தில் எங்கே பார்ப்பது, எதிரில் ஆளே இல்லாமல் ஒரு தெர்மாகோல் துண்டைப் பார்த்து எப்படி அழுவது – இதெல்லாம் செட்டில் நின்றுதான் வரும். இதெல்லாம் கைவந்த ஆள் என்று ஒரு உதவி இயக்குநருக்குத் தெரிந்தால் அவர் உங்களை மறக்கமாட்டார். புது ஆளால் நேரம் வீணாவதுதான் செட்டில் எல்லாருக்கும் இருக்கிற பயம்.

நமக்கென்று இன்னொரு சொத்தும் இருக்கு, தெருக்கூத்து. கோடைக் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்து, ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஆடுவார்கள். கடைசியில் படுகளம், தீமிதி. மாயவரம் பக்கத்துப் புஞ்சைக்காரர் ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோனவர். அவர் உருவாக்கிய கூத்துப்பட்டறைக்கு அந்தப் பெயர் வந்தது சும்மா இல்லை. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். அந்த வேர் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கும்போது, நம் பிள்ளைகள் சென்னையில் பணம் கட்டி 'ஆக்டிங் கோர்ஸ்' தேடுகிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் கூத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் கேமரா முன்னால் வைக்க முடியாது. கூத்தாடி கடைசி வரிசையில் தூங்கிவழிகிற பாட்டிக்கும் எட்டும்படி நடிக்கிறார், கேமரா மூன்றடி தூரத்தில் இருக்கு. அளவு வேறு. எடுத்துக்கொள்ளவேண்டியது அளவை இல்லை. ஆறு மணி நேரம் கட்டாத குரல், கட்டை கட்டிக்கொண்டு சுழன்ற பிறகும் வாங்காத மூச்சு. எல்லாவற்றுக்கும் மேல் கட்டியக்காரனின் காது. கூட்டத்திலிருந்து யாரோ ஒருத்தர் ஏதோ சொல்ல, அதைப் பிடித்து அந்த நொடியிலேயே அவன் பதில் கொடுப்பான் பாருங்கள், ஆடிஷனில் தேடுவது அதைத்தான். ஒரு கோடைக்காலம் ஒரு கூத்து வாத்தியாருக்குப் பெட்டி தூக்கினால் போதும்.

பேச்சு விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை. சினிமாவில் மதுரைப் பேச்சு, நெல்லைப் பேச்சு, கோவைப் பேச்சுக்கு ஓர் இடம் இருக்கு, நம் நடுநாட்டுப் பேச்சு அவ்வளவாகக் காதில் விழுந்ததில்லை. பண்ருட்டிப் பக்கம் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான் 'அழகி' (2002), 'ஒன்பது ரூபாய் நோட்டு' (2007) படங்களில் இந்த மண்ணைக் கொண்டுவந்தார். விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியே தொகுத்திருக்கிறார். வாங்கி வையுங்கள், நடிகனுக்கு அது பாடப்புத்தகம். அதற்காக இந்த மண்ணில் பிறந்ததே தகுதி என்று இருந்துவிடவும் முடியாது. 1993-ல் கம்மாபுரம் பக்கத்து முதனை கிராமத்து ராசாக்கண்ணு வழக்கிலிருந்து பிறந்த படம் 'ஜெய் பீம்' (2021). நம் மாவட்டத்தில் நடந்த கதை. அதில் செங்கேணியாக வாழ்ந்து காட்டிய லிஜோமோள் ஜோஸ் இடுக்கிக்காரர், தாய்மொழி மலையாளம். இருளர் மக்களோடு பழகிக் கற்றுக்கொண்டு வந்து நடித்தார். ராசாக்கண்ணுவாக நடித்த மணிகண்டன் 'கலக்கப்போவது யாரு' மேடையில் மிமிக்ரி செய்தவர், டப்பிங் பேசியவர், 'விக்ரம் வேதா'வுக்கு (2017) வசனம் எழுதியவர். நடிப்பு வாய்ப்பு வராத நாட்களிலும் சினிமாவுக்குள்ளேயே ஏதோ ஒரு வேலையில் இருந்திருக்கிறார். கதவுக்கு வெளியே நிற்பதைவிட உள்ளே ஒரு மூலையில் ஏதாவது வேலை பார்ப்பது மேல் என்பதற்கு இவர் ஒரு சாட்சி, கணக்கு எழுதிய விஜய் சேதுபதி இன்னொரு சாட்சி.

இப்போது பணம். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பையன், பெயர் வேண்டாம். 'புதுமுகங்கள் தேவை' என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பிச் சென்னை போனான். ஆடிஷன் என்ற பெயரில் இரண்டு நிமிஷம் பேசவிட்டு, "செலக்ட் ஆயிட்டீங்க தம்பி" என்றார்கள். அதற்குப் பிறகு ரெஜிஸ்ட்ரேஷன், போட்டோஷூட், 'ஆர்ட்டிஸ்ட் கார்டு' என்று மூன்று தடவையாக நாற்பதாயிரம். அம்மா கம்மலை அடகு வைத்த பணம். படமும் இல்லை, பணமும் இல்லை, அந்த ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது வேறு ஏதோ கடை. நடிகனுக்குத் தயாரிப்பாளர் பணம் கொடுப்பதுதான் தொழில். சம்பளம் இல்லாமல் நடிக்கலாம், மாணவர் படத்தில் அதுதான் வழக்கம். ஆனால் நடிப்பதற்கு நாம் பணம் கட்டினால், அங்கே விற்கிற சரக்கு நாம்தான். சங்க அட்டை வேலை செய்கிறவனுக்கான அடையாளம், அட்டையைக் காட்டி யாரும் வேடம் வாங்கியதில்லை. போட்டோவுக்கும் செலவு வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், நேர்முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம் மூன்று படம். போனைக் குறுக்கே வைத்து ஒரு நிமிஷ வீடியோ, பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், பிறகு நீங்களே எழுதிய சின்னக் காட்சி ஒன்று. பிரபல வசனத்தைத் திரும்பப் பேசிக் காட்டாதீர்கள், பார்ப்பவருக்கு அந்த நடிகர்தான் ஞாபகம் வருவார்.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஆடிஷன் ஆபீஸில் பகலில் நடக்கும். ஹோட்டல் அறைக்கு, ராத்திரி நேரத்துக்கு, தனியாக வரச்சொன்னால் அது ஆடிஷன் இல்லை. கூட ஒருத்தரைக் கூட்டிப்போனால் முகம் சுளிக்கிற இடத்தில் நமக்கு வேலையில்லை. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நடிக்க வைக்கிற பெற்றோர், 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்கவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கி வைப்புத்தொகையாகப் போகவேண்டும். இதைக் கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயப்படாதீர்கள். கேட்டால் போய்விடுகிற வாய்ப்பு போகட்டும்.

கடைசியாக, வேலையை விடலாமா என்ற கேள்வி. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார். "அண்ணே, ரிசைன் பண்ணிட்டு மெட்ராஸ் போய் ரூம் எடுத்துடவா?" அவர் இதுவரை நடித்தது ஒரே ஒரு ஷார்ட் ஃபிலிம். ரூம் வாடகைக்கே ஓடுகிறவனுக்கு ஆடிஷனுக்கு ஓட நேரம் இருக்காது என்றேன். ஷிப்ட் வேலையில் ஒரு வசதி, வார நாளில் லீவு வரும், ஆடிஷன்களும் வார நாளில்தான். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை, வேலையை முடித்துக்கொண்டு அன்று ராத்திரியே அதே வண்டியில் திரும்பலாம். ரூம் வாடகை மிச்சம். ஒரு வருஷத்தில் ஐந்து ஷார்ட் ஃபிலிம், ஒரு கோடை கூத்து. அந்த ஐந்தில் வேலை பார்த்தவர்களில் இரண்டு பேராவது அவரை மறுபடி கூப்பிட்டால் அப்போது ரூமைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு பாண்டிச்சேரி மாணவர் படம் ஒன்றில் தபால்காரர் வேடம் கிடைத்திருக்கிறதாம். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டார்களாம்.